எழுத்து விழாத பெயர்

1776 அக்டோபர் 9. லண்டன், ஃப்ளீட் தெருவின் பின்சந்திலுள்ள நமது அச்சகத்தின் வருகைப் புத்தகத்தில் இருபத்திரண்டு வயது அச்சுக்கோப்பவர் ஒருவர் "மா. கார்வின்" என்று கையெழுத்திட்டார்.

ஈயத்தில் எண்ணங்களைக் கோத்த ஏந்தலே! பிழை பொறுக்காத பெருந்தகையே! எவர் எழுதியதையும் ஏறுமாறின்றி ஏற்றி வைத்து, எந்தப் பக்கத்திலும் தம் பெயரைப் பொறிக்காத எங்கள் மூத்தவரே! உங்கள் தோளோடு தோள் உரசி நின்று தொழில் செய்த நாங்கள், உங்கள் முகம் பார்த்து வாசிக்கும் இந்த வழியனுப்பு மடலை ஏற்றருள்க.

நீங்கள் கோத்த நாவல்கள் இருநூற்றுப் பதினாறு. பெரும்பாலானவை மூன்று தொகுதிகள் கொண்டவை. உங்கள் விரல்களின் வழியே எத்தனையோ உயில்கள் தொலைந்து கிடைத்தன; எத்தனையோ அனாதைப் பெண்கள் கடைசித் தொகுதியில் பிரபு வீட்டுப் பிள்ளைகளாக மாறினார்கள். உங்கள் கைத்திறம் தனியாகத் தெரிந்ததோ, வேற்றூர்க்காரர்கள் வாய் திறக்கும் பக்கங்களில்தான். ஐரிஷ் வேலைக்காரன், ஸ்காட்லாந்துச் சிப்பாய், வேல்ஸ் பாதிரியார், யூத வட்டிக்கடைக்காரர், மேற்கிந்தியச் சர்க்கரைத் தீவிலிருந்து எசமானியோடு வந்த கறுப்புப் பணிப்பெண். நம் நாவலாசிரியர்கள் இவர்களை முகத்தை வைத்து அறிமுகம் செய்வதில்லை. பிழையான எழுத்தை வைத்து அறிமுகம் செய்கிறார்கள். சொல்லில் ஓர் எழுத்து உச்சரிக்கப்படாமல் விழுந்தால், விழுந்த இடத்தின் தலைமேல் ஒரு சிறு கொக்கி தொங்கவேண்டும். அத்தகைய பக்கம் வந்தால் நம் எழுத்துப்பெட்டியில் கொக்கிக் குழி மதியத்துக்குள் காலியாகிவிடும்.

ஃபோர்மேன் டோபியாஸ் ராக் அவர்களின் குரல் அப்போது மாடிவரை கேட்கும்.

"ஐரிஷ்காரன் வாயத் திறந்துட்டான்யா! யாராவது பக்கத்துக் கடையில போய் ஒரு படி கொக்கி கடன் வாங்கிட்டு வாங்க!"

எல்லாரும் சிரிப்போம். நீங்களும் சிரித்தீர்கள். முப்பத்துமூன்று ஆண்டு சிரித்தீர்கள். 1780 ஜூன் மாதம் லண்டனில் கூட்டம் திரண்டு, ஐரிஷ்காரர் உட்படக் கத்தோலிக்கர் வீடுகளைக் கொளுத்தியபோது, எங்களைப் போலவே தொப்பியில் அக்கூட்டத்தின் அடையாளமான நீலப் பட்டு குத்திக்கொண்டு வேலைக்கு வந்தீர்கள். உங்கள் பேச்சில் ஃப்ளீட் தெருவைத் தவிர வேறெந்த ஊரின் வாடையும் இருந்ததில்லை.

ஒருமுறை, தம் கவிதைகளை அச்சிடக் கொடுக்க ஒரு பிரபு நேரில் வந்தார். வேட்டைக்குப் போன கதையைச் சொல்லும்போது ஒவ்வொரு சொல்லின் கடைசி எழுத்தையும் விழுங்கினார். அவர் படியிறங்கியதும் நீங்கள் தலை நிமிராமல் சொன்னீர்கள்: "இவருக்குக் கொக்கி போட ஆரம்பிச்சா நம்ம பெட்டி பத்தாது." அதையும் நாங்கள் வெறும் வேடிக்கை என்றே எடுத்துக்கொண்டோம்.

1809 பிப்ரவரியில் ஒரு சீமாட்டி எழுதிய நாவலின் மூன்றாம் தொகுதி வந்தது. அதில் ஐரிஷ் செவிலி ஒருத்தி, கதாநாயகியை வளர்த்தவள், லண்டனில் சாகக் கிடக்கிறாள். ஊரிலுள்ள மகனுக்குக் கடிதம் எழுதச் சொல்கிறாள். பதினொரு வரி. கைப்பிரதியில் நாற்பத்துமூன்று கொக்கி. நீங்கள் ஒன்றுகூடப் போடாமல் கோத்தீர்கள். சொல் மாறவில்லை, சொல்லின் வரிசை மாறவில்லை. எழுத்துகள் மட்டும் முழுதாக இருந்தன.

மெய்ப்புத் திருத்தும் செப்டிமஸ் கிளீவ் தாளைத் தூக்கிக்கொண்டு உங்கள் மேசைக்கு வந்தார்.

"என்னய்யா இது? கிழவி சாகுற நேரத்துல இங்கிலீஷ்காரி ஆயிட்டாளா?"

"இல்லைங்க. அவ எப்பவும் இப்படித்தான் பேசினா. எழுதினவங்க காதுலதான் அப்படி விழுந்திருக்கு."

"கைப்பிரதி சன்னல் வழியாப் பறந்தாலும் நாம பின்னாடியே பறக்கணும். தொழில் தெரியாதா உமக்கு?"

ராக் அவர்களும் வந்துவிட்டார். கொக்கியைப் போடு, இல்லாவிட்டால் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பு என்றார். அப்போது நீங்கள் அந்தத் தாளை வாங்கி, பதினொரு வரியையும் உரக்கப் படித்தீர்கள்.

"கதவைத் திறந்து வை கண்ணு, காத்து வரட்டும். என் மகனுக்கு எழுது. அம்மா பசியில்லாம இருந்தா, யாரும் அவள அடிக்கலன்னு எழுது. அவன் பேர மட்டும் சரியா எழுதும்மா. எங்க ஊர்ல அந்தப் பேர்ல நெறையப் பேர் இருக்காங்க. தப்பா எழுதினா வேற ஒருத்தன் அம்மா செத்துட்டான்னு அழுவான்."

ஆற்றின் மறுகரையில் நிற்பவரைக் கூப்பிடுவதுபோல ஒவ்வொரு வரியின் முடிவும் உயர்ந்து போயிற்று. அது எங்களுக்குத் தெரிந்த கார்வினின் குரல் அல்ல. அதில் எந்த எழுத்தும் விழவும் இல்லை. அச்சுப்பொறி இழுத்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள்.

ராக் அவர்கள்தான் முதலில் பேசினார். "யோவ் கார்வின்... உம்ம உண்மையான பேரு என்னய்யா?"

"கார்வின்தான். பேருக்கு முன்னாடி ஐரிஷ் ஓ ஒண்ணு இருந்துச்சு. பிரிஸ்டல்ல கப்பலவிட்டு இறங்கும்போது விட்டுட்டேன்."

"எங்க விட்டீரு?"

"தண்ணியிலதான். அது இருந்தா ஒருத்தரும் வேலை குடுக்கல."

உங்களை வெளியேற்றவில்லை. மெய்ப்பின் ஓரத்தில் கேள்விக்குறி இட்டுச் சீமாட்டிக்கு அனுப்பினோம். நான்காம் நாள் பதில் வந்தது. அன்போடுதான் எழுதியிருந்தார். செவிலி ஐரிஷ்காரி என்பது வாசகருக்கு ஒவ்வொரு வரியிலும் தெரியவேண்டும், இல்லாவிட்டால் அவளுக்காக யாரும் இரங்கமாட்டார்கள், ஆகவே கொக்கிகள் அப்படியே இருக்கட்டும் என்றிருந்தார். நாற்பத்துமூன்றையும் உங்கள் கையாலேயே போட்டீர்கள். எங்களில் ஒருவர் செய்வதாகச் சொல்லியும் விடவில்லை. அன்றிலிருந்து ராக் அவர்கள் கொக்கிக் கேலியைச் சொன்னதில்லை.

அதற்குப் பின் எட்டு ஆண்டுகளாக, புதிய கைப்பிரதி வந்தால் முதலில் உங்கள் கைக்குப் போவதை நாங்கள் கவனித்திருக்கிறோம். ஐரிஷ்காரர் பேசும் இடத்தைத் தேடிப் புரட்டுவீர்கள். பார்த்துவிட்டு மூடிவைப்பீர்கள். தாள் மடித்துத் தைக்கும் பெகி ஸ்ட்ரட்விக் அம்மையார் ஒருநாள் கேட்டேவிட்டார்.

"அப்படி என்னதான் தேடுறீங்க மிஸ்டர் கார்வின்?"

"எங்க ஆளுங்க முழு எழுத்தோட பேசுற ஒரு பக்கம். கண்ணு நல்லா இருக்கும்போதே ஒரு தடவை கோத்துடணும்."

"அப்படி ஒண்ணு வரும்ங்கிறீங்க?"

"வரும். நான் இருக்கும்போதா, அதான் தெரியல."

அத்தகைய பக்கம் வரவில்லை. உங்கள் கண் மங்கிவிட்டது. அடுத்த வாரம் பிரிஸ்டலில் கப்பல் ஏறப்போகிறீர்கள். ஊருக்குப் போவது மகிழ்ச்சிதானே என்று கேட்டதற்கு, "அங்க வாயத் திறந்தா லண்டன்காரன்னு சிரிப்பாங்க" என்றீர்கள். அதைச் சொல்லும்போதும் உங்கள் கண் சன்னல் பக்கம்தான் இருந்தது.

ஐயா! சென்ற வியாழக்கிழமை இம்மடலின் மெய்ப்பை உங்களுக்குத் தெரியாமல் எடுத்தோம். முடிவில் உங்கள் பெயரை முழுதாகக் கோத்திருந்தோம். தண்ணீரில் விட்ட ஓவைச் சேர்த்து, நாவல்களில் எல்லா ஐரிஷ் பெயருக்கும் செய்வதுபோல அதையடுத்து ஒரு கொக்கியும் வைத்தோம். தேயாத புதுக் கொக்கியாகப் பார்த்து எடுத்தவர் ராக் அவர்களே. ஆனால் ஈரத்தாள் எங்கே தொங்கினாலும் உங்கள் கண் அங்கே போய்விடும். எட்ட நின்று வெகுநேரம் பார்த்தீர்கள். பிறகு பேனாவை எடுத்து, கொக்கியை அடித்தீர்கள்.

"பிடிக்கலையா மிஸ்டர் கார்வின்?" ராக் அவர்களின் முகம் விழுந்துவிட்டது.

"பிடிச்சிருக்கு. அதனாலதான் திருத்துறேன். கொக்கி போட்டா ஏதோ விழுந்துட்டதுன்னு அர்த்தம். இங்க எதுவும் விழல. ஓன்னா எங்க பேச்சுல பேரன். தனிச் சொல்லு. கார்வினோட பேரன் நான். எழுத்து மேல ஒரு கோடு வரும், நீட்டிச் சொல்லணும்னு. கொக்கி போட்டது உங்க ஊர்க் குமாஸ்தா."

"கோடு போட்ட ஓ நம்ம பெட்டியில இல்லீங்களே," என்றார் பெகி அம்மையார்.

"தெரியும்மா. நாப்பத்தோரு வருசமா அந்தப் பெட்டியத்தானே பாக்குறேன்."

பெரியீர்! உங்கள் விரல்களில் ஏறிய ஈயக்கறை மெல்ல வெளுக்கட்டும். நோயற்ற உடலும் நெடிய வாழ்நாளும் உங்களுக்கு அமையட்டும். இறங்குதுறையில் யாரேனும் உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடட்டும்; அதை அவர்கள் நீட்டிச் சொல்லட்டும். உங்கள் மேசை சன்னலோரம் இருந்த இடத்திலேயே இருக்கும். வேறொருவர் அதில் நிற்பார். எங்களுக்கு அது பழகச் சில காலம் ஆகும்.

இம்மடலில் உங்கள் பேச்சும் செவிலியின் பேச்சும் முழு எழுத்தில் கோக்கப்பட்டுள்ளன. எழுத்தை விழுங்கிய கொக்கி இத்தாளில் எங்கும் இல்லை. கீழே உங்கள் பெயரில் ஓவின் தலைமேல் இடம் விட்டு அச்சிட்டோம். கோட்டைப் பெகி ஸ்ட்ரட்விக் மசி தொட்டுக் கையால் இழுத்திருக்கிறார்.

மாலக்கி ஓ கார்வின் அவர்களுக்கு,
அச்சகத் தொழிலாளர் மன்றத்தார்.
லண்டன், 1817 செப்டம்பர் 27, சனிக்கிழமை.