மந்திரவாதிக்கு வாள் கிடையாது

மாவிஸ்: வாளை எடுக்கறேன்.

டெல்மர்: எடுக்க முடியாது.

மாவிஸ்: காலடியில கிடக்கு, டெல்மர். குனிஞ்சா கைக்கு வந்துடும்.

டெல்மர்: இந்த ஆட்டத்துல உன் ஆள் மந்திரவாதி. மந்திரவாதிக்குச் சின்னக் கத்தி மட்டும்தான். விதிப் புத்தகத்துல அப்படித்தான் இருக்கு.

லாய்ட்: அவ ஆள் இல்லடா அது, ஆர்லனோட ஆள். அண்ணன் உண்டாக்கினதைத் தங்கச்சி ஆடறா.

டெல்மர்: ஆட்டத்தை நடத்தறவன் நான், எனக்குத் தெரியாதா லாய்ட்? நீ குழிக்குள்ள கால் ஒடிஞ்சு கிடக்கற. அங்கயே பேசாம கிட.

லாய்ட்: என் பாதிரியாருக்குத்தான் கால் ஒடிஞ்சுது. எனக்கு வாய் நல்லாத்தான் இருக்கு.

மாவிஸ்: சின்னக் கத்திதான் இந்தச் சுரங்கத்துல போன அறையிலயே பாம்போட போச்சே. மந்திரமும் தீந்துபோச்சு. கதவும் மூடிடுச்சு. எதிர்ல பூதம். வெறுங்கையோட நிக்கறவன் என்னதான் பண்ணணும்கற?

டெல்மர்: யோசிக்கணும்.

மாவிஸ்: யோசிச்சாச்சு. வாள்.

லாய்ட்: அந்தப் பூதமும் குத்துயிரும் கொலையுயிருமா இருக்கு. ஒரே ஒரு வெட்டு போதும்.

டெல்மர்: அந்த வெட்டை அவன் வெட்டக்கூடாதுங்கறதுதான் பேச்சே.

மாவிஸ்: சரி... தொட்டா கை வெந்துடுமா?

டெல்மர்: வேகாது.

மாவிஸ்: தூக்கலாமா?

டெல்மர்: தூக்கலாம். சுமக்கலாம். விக்கலாம்.

மாவிஸ்: அப்போ தூக்கி நேரா நீட்டிக்கிட்டு நிக்கறேன். பூதம் ஓடி வந்து அதுவா மேல விழுந்தா?

டெல்மர்: அதுவும் சண்டைதான்.

மாவிஸ்: கால் இடறி விழுந்தா?

டெல்மர்: பூதம் இடறாது.

லாய்ட்: வாளை வெண்ணெய்க் கத்தின்னு சொல்லிப் பாரு தாயே.

டெல்மர்: இப்படித்தான்டா எல்லாரும் ஆரம்பிக்கறீங்க! நீ முன்னாடி ஒரு தடவை மீன் அரியக் கத்தி எடுத்தியே, ஞாபகம் இருக்கா?

லாய்ட்: மறக்குமா? பாதிரியார் கத்தி எடுக்கலாமா, ரத்தம் சிந்தலாமான்னு ஆர்லன் மூணு மணி நேரம் சண்டை போட்டான். செத்த மீன்டா அது! கதாயுதத்தால மண்டையை உடைச்சா மட்டும் ரோஜாப்பூவா கொட்டுதுன்னு கேட்டேன். அசையலையே.

மாவிஸ்: அப்புறம் எப்படிச் சாப்பிட்டீங்க?

லாய்ட்: கதாயுதத்தால நசுக்கி. என் பாதிரியார் நாள் முழுக்க முள்ளு துப்பினார்.

டெல்மர்: அவன் இந்த மேஜையில உக்காந்திருந்தா, அவன் மந்திரவாதி வாளை எடுக்க அவனே விட்டிருக்க மாட்டான். அவன் காப்பாத்தின விதி, மாவிஸ். உறைஞ்ச ஏரியில பனி உடைஞ்சு அவன் உள்ள போய்ச் செத்து ரெண்டு மாசம்கூட ஆகல. அதுக்குள்ள நான் அதை மாத்தவா?

மாவிஸ்: மாத்தலன்னா, மந்திரவாதி செத்தா?

டெல்மர்: அதை இப்ப எதுக்குக் கேக்கற?

மாவிஸ்: சொல்லு. உங்க வழக்கம் என்ன?

லாய்ட்: அவளுக்குத் தெரியும்டா. எதுக்கு சொல்ல வைக்கற மாவிஸ்?

மாவிஸ்: அவன் வாயால கேக்கணும்.

டெல்மர்: ஆட்டத்துல செத்த ஆளோட விவரம் எழுதின தாள் அடுப்புக்குப் போகும். எல்லாரும் தொப்பியைக் கழட்டுவோம்.

மாவிஸ்: இந்தத் தாள்ல இருக்கறது பூரா ஆர்லன் கையெழுத்து. ஓரத்துல காபிக்கறைகூட அவனோடதுதான். இதை அடுப்புல போட நான் விடமாட்டேன்.

டெல்மர்: அப்போ சாகாம ஆடு.

மாவிஸ்: அப்போ வாளைக் குடு.

டெல்மர்: முடியாதுன்னா முடியாது. பேசிட்டே இருந்தா பூதம் காத்துக்கிட்டு நிக்குமா? தடியை ஓங்குது. இருபது முகப் பகடையில பன்னெண்டோ அதுக்கு மேலயோ விழுந்தா அடி பட்டுடும். பட்டா ஆள் காலி. உருட்டறேன்.

லாய்ட்: ஐயோ, மெதுவாடா...

டெல்மர்: ...தவறிடுச்சு. தடி தூண்ல பட்டுத் தெறிச்சுது.

லாய்ட்: மறுபடியுமா! மூணு சனிக்கிழமையா இதே கதை. முதல் வாரம் அம்பு தவறுது, போன வாரம் பாம்பு தவறுது, இன்னிக்குப் பூதம். உன் சுரங்கத்துல இருக்கற அத்தனை பேரையும் கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போடா.

டெல்மர்: பகடை அப்படி விழுந்தா நான் என்ன பண்ணட்டும்?

மாவிஸ்: டெல்மர், கடைசியா கேக்கறேன். வாளை எடுக்கட்டுமா?

டெல்மர்: ஏன் இப்படி அடம் பிடிக்கற? அதான் தப்பிச்சுட்டானே! அடுத்த தடவையும் தப்பிச்சாலும் தப்பிப்பான். அப்புறம் வாள் எதுக்கு?

மாவிஸ்: திரும்பிப் பாரு. உங்க அம்மாவோட பீங்கான் அலமாரி. கதவு கண்ணாடி. உன் அட்டைத் தடுப்புக்குப் பின்னால நீ உருட்டறது எல்லாம் அதுல தெரியுது. இப்ப விழுந்தது பத்தொம்பது.

லாய்ட்: பத்தொம்பதா, டெல்மர்?

டெல்மர்: ...எந்த வாரத்துலேர்ந்து பாக்கற?

மாவிஸ்: முதல் வாரத்துலேர்ந்து. அவன் மூணு தடவை செத்தாச்சு.

டெல்மர்: அந்தத் தாளை அடுப்புல போட எனக்குக் கை வரல, மாவிஸ்.

மாவிஸ்: எனக்கும்தான். நீ பொய் சொல்லாம அவன் பொழைக்கணும்னுதான் இவ்வளவு நேரமா அந்த வாளைக் கேட்டுட்டு இருக்கேன்.