கிருஷ்ணப்பன் வகையறா

இஞ்சி தட்டிப் போட்டிருந்தால் இந்த ஸ்டேஷன் டீ இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் பயத்தில் வாயடைத்துப் போய்விட்டதாக எஸ்.ஐ. அருள்பிரகாசம் எண்ணியிருக்க வேண்டும். "ஏம்மா செங்கொடி, இன்னாத்துக்கு இப்டி செஞ்சே?" என்று தணிந்த குரலில்தான் கேட்டார். சொல்வதில் எனக்குத் தயக்கம் எதுவும் இல்லை.

கல்மண்டபத்தில் தொண்ணூற்றெட்டிலிருந்து பாஸ்போர்ட் விண்ணப்பம் எழுதிக் கொடுக்கிறேன். அதில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம் உண்டு. நம் ஆட்களுக்கு ஏது அது? இனிஷியலோடு வாழ்ந்து இனிஷியலோடு போய்ச் சேருகிறவர்கள். "நீயே எத்தையாவது போடுக்கா" என்பார்கள். மற்ற கடைகளில் அவரவர் அப்பா பெயரைப் போடுவார்கள், இல்லாவிட்டால் காலியாக விடுவார்கள். நான் கிருஷ்ணப்பன் என்று போட்டேன்.

முதலில் போட்டது ரசூல் பீவிக்கு. ஷார்ஜாவில் வேலை செய்யும் வீட்டில் அவரை மேடம் கிருஷ்ணப்பன் என்றுதான் கூப்பிடுகிறார்களாம். யாரும் என்னைக் கேட்கவில்லை. பாஸ்போர்ட் வந்ததும் போட்டோவில் தலைமுடி சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். ஆறு வருடத்தில் இருநூற்றுப் பதினேழு பேர் ஆகிவிட்டோம்.

கிருஷ்ணப்பன் என் அப்பா. பள்ளிச் சான்றிதழில் அப்படித்தான் இருக்கிறது. என்னைச் சேர்க்கப் போனபோது அப்பா பெயர் கேட்டதற்கு அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாளாம். ஹெட்மாஸ்டர் சுவரைப் பார்த்தார். அங்கே கிருஷ்ணப்பன் அரிசி மண்டியின் காலண்டர் தொங்கியது. அம்மா செத்தபோது, சொந்தக்காரர்கள் வரட்டும் என்று பாடையைக் கட்டி வைத்துவிட்டு மூன்று மணி நேரம் காத்திருந்தோம். யாருக்காகக் காத்திருந்தோம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இப்போது பொங்கலுக்கு எல்லோருக்கும் வாழ்த்து அட்டை அனுப்புகிறேன். ஒருவர்கூடப் பதில் போட்டதில்லை. சொந்தம் என்றால் அப்படித்தான்.

சிக்கல் வந்தது லூர்துவின் மகள் அனிஷாவால். அவளும் குவைத்தில் வேலை பார்க்கும் ஜெபினும் கல்யாணத்தைப் பதிவு செய்யப் போயிருக்கிறார்கள். இரண்டு பாஸ்போர்ட்டையும் சேர்த்து வைத்துப் பார்த்த குமாஸ்தா, இரண்டிலும் கிருஷ்ணப்பன் என்றிருக்க, அண்ணன் தங்கையா என்று கேட்டிருக்கிறார். கூடப் போயிருந்த ஜெபினின் அம்மா தேவப்பிரியம் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். எந்தப் பாட்டன் வழியில் பங்காளியோ, இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டாராம்.

லூர்து புகார் கொடுத்துவிட்டு என் எதிரிலேயே நின்றான். "யக்கா, ஞாயித்துக்கெழம கோயில்ல கல்யாணம். திங்கக்கெழம அவன் பிளேன் ஏறணும். அந்தப் பேரு நீ வுட்ட கப்சான்னு ஒரு வரி எழுதிக் குடுக்கா. எம் பொண்ணு சோறு துன்னு ரெண்டு நாளாவுது."

எஸ்.ஐ. ஒரு காகிதத்தை என் பக்கம் தள்ளினார். கிருஷ்ணப்பன் என்று யாரும் இல்லை, இவர்களுக்குள் எந்த உறவும் இல்லை என்று அவரே எழுதி வைத்திருந்தார். கையெழுத்து அழகாக இருந்தது. கையெழுத்துப் போட்டால் வழக்கு இல்லை, வீட்டுக்குப் போகலாம் என்றார்.

மற்ற எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன் என்றேன். பேனாவை மூடிக் காகிதத்தின் மேல் வைத்தேன்.

"இத்த மட்டும் கேக்காதீங்க சார். ரெண்டும் எங்க வூட்டுப் புள்ளைங்க. அண்ணன் தங்கச்சிக்குக் கல்யாணம் பண்ணிவைக்க நான் எப்டி சார் கையெழுத்துப் போடுவேன்?"