‘நில்’ என்னும் கட்டளைக்கு முதலிடம் தந்த முதுநிலைப் பொறியாளருக்கு

விண்ணளக்கும் பெருங்கண்ணுக்கு விரல்நுனியாய் விளங்கியவரே! கண்டிப்பிலும் கனிவு குன்றாத கட்டுப்பாட்டுப் பொறியாளரே! வீட்டில் இரு மக்களுக்குத் தாயாகவும், இந்த வானாய்வு நிலையத்தில் எங்கள் எல்லோருக்கும் ‘பொறுங்கக்கா’வாகவும் பெயர் பெற்ற பெருந்தகையே! இன்று பணி நிறைவு பெறும் தங்களுக்கு வணக்கம். இன்முகத்தோடு எழுதத்தான் உட்கார்ந்தோம். எழுத எழுத ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. வந்ததை வந்தபடியே வாசிக்கிறோம்.

கட்டளையின் காவலரே!

கணினியிலிருந்து தொலைநோக்கியின் மோட்டாரை ஆட்டுவிக்கும் கண்ட்ரோலர் பெட்டிவரை ஓடுவது ஒரே ஒரு சீரியல் கேபிள். அதில் எழுத்துகள் ஒற்றையடிப் பாதையில் நடப்போரைப் போல ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போக முடியும். ‘கிழக்கே திரும்பு’ என்று கணினி சொல்லும்; ‘கேட்டேன்’ என்று பெட்டி பதில் தரும்; அதன் பிறகே அடுத்த கட்டளை. அந்த ஒழுங்கைக் கணினிக்குக் கற்பித்தவர் தாங்கள். மனிதருக்குக் கற்பிக்கத்தான் தங்கள் தொண்டை வற்றியது. “பொறுங்க! அது இன்னும் முழுங்கவே இல்ல, அதுக்குள்ள அடுத்த உருண்டையத் திணிக்கிறீங்க. விக்கிக்கிட்டா யாரு தண்ணி குடுக்குறது?” என்று தாங்கள் அதட்டும்போது, விசைப்பலகையைவிட்டுக் கையெடுக்காதவர் எவருமில்லை.

ஆயினும் ஒரே ஒரு கட்டளைக்கு மட்டும் பொறுமை கூடாதென்றீர்கள். ‘நில்’ என்பது வந்தால், பெட்டி எதைச் செய்துகொண்டிருந்தாலும் போட்டது போட்டபடி நிற்க வேண்டும். “ஆம்புலன்ஸு வந்து டோக்கன் வாங்கிக்கிட்டு நிக்குமா?” என்று கேட்டுவிட்டு, அதற்கு எல்லாவற்றையும் முந்தும் உரிமையைத் தங்கள் கையாலேயே எழுதி வைத்தீர்கள். தாங்கள் எழுதிய கணினி நிரல் ஓடிய காலம் முழுதும் குவிமாடத்தில் ஒரு திருகாணிகூட உரசியதில்லை.

மேடையில் வீற்றிருக்கும் இயக்குநர் அவர்களே, சற்றே செவி சாயுங்கள். இனி வருவது தங்களுக்கும் உரியது.

தாங்கள் வாங்கி வந்த புதிய நிரல் பார்க்கப் பளபளத்தது. ஆனால் அது ‘நில்’லையும் மற்றக் கட்டளைகளோடு வரிசையில் நிறுத்தியது. அக்கா எழுந்து நின்று, “சார், இது ஆபத்து. இத முன்னாடி போக விடணும்” என்றார். தாங்கள் சொன்ன மறுமொழி என்ன? “அக்காவுக்கு அந்தப் பழைய கேபிள் மேல அவ்வளவு பாசம். போறப்போ சுருட்டி வீட்டுக்கே குடுத்து விட்டுருவோம்.” அறிவுரைக்கு நையாண்டியா விடை? அனுபவத்துக்கு ஏளனமா பரிசு?

பிறகு நடந்தது ஊரறிந்தது. புதிய நிரலைக்கொண்டு பட்டப்பகலில் நடந்த ஒத்திகையில் தொலைநோக்கி குவிமாடத்தின் இரும்புத் தூணை நோக்கிச் சாய்ந்தது. அன்று அதை இயக்கிய ஆபரேட்டர் கண்ணெதிரே கண்டு, கணமும் தாமதிக்காமல் ‘நில்’லை அழுத்தினார். முந்தைய கட்டளைகளையெல்லாம் பெட்டி ஒவ்வொன்றாக நிறைவேற்றிக்கொண்டிருந்தது. ‘நில்’ அவற்றின் பின்னால் கைகட்டிக் காத்திருந்தது. தொலைநோக்கியின் கண்ணாடியாகிய ஆடியைத் தாங்கும் வளையம் தூணில் மோதிப் பிளந்தது. விசாரணைக் குழுவோ, ஆபரேட்டர் தாமதமாக அழுத்தினார் என்று ஒரே வரியில் முடிக்கப் பார்த்தது.

பெருந்தன்மையின் பெயரால் பெரும்பிழை செய்தவரே!

ஆம் அக்கா, இந்தக் கோபம் தங்கள் மேல்தான். ஆபரேட்டரின் வேலை போய்விடக் கூடாதென்று, ‘என் பராமரிப்பில் குறை’ என்று தாங்கள் கையெழுத்திட்டுக் கொடுத்தீர்கள். ஆபரேட்டர் ஓடி வந்து, “ஏன்க்கா இப்படிப் பண்ணுனீங்க?” என்று கேட்டபோது, “நான் வீட்டுக்குப் போறவ. உனக்கு இன்னும் காலம் கெடக்கு. வாய மூடிக்கிட்டு வேலையப் பாருப்பா” என்றீர்கள். அவர் வேலை தப்பியது. தங்கள் பெயர் கெட்டது. அந்த நிரலோ குற்றமற்றதாகி இன்றும் ஓடுகிறது! தூணின் இடத்தில் நாளை குவிமாடத்துத் துப்புரவுப் பணியாளர் நின்றால் என்ன ஆகும்? அதை எண்ணிப் பார்க்க மறந்தீர்களே! மற்றவர் தவற்றுக்கு மன்னிப்பே தராத தாங்கள், யாரோ செய்த தவற்றைத் தலையில் தூக்கிக்கொண்டு படியிறங்கலாமா?

ஆகவே சபையறியச் சொல்கிறோம். ‘நில்’ முதலிடத்துக்குத் திரும்பும்வரை புதிய நிரலில் தொலைநோக்கியை நாங்கள் எவரும் இயக்கப் போவதில்லை. மறுவிசாரணை கேட்டு எல்லோரும் எழுதிக் கொடுத்துவிட்டோம். முதலில் கையெழுத்திட்டவர் அந்த ஆபரேட்டரே. “என் வேலை போனா போகட்டும், அக்கா பேரு போகக் கூடாது” என்றார். விசாரணைக்கு அழைப்பு வரும் நாளில் தங்கள் வீட்டு வாசலில் வண்டி நிற்கும். உடம்பு சரியில்லை என்று சொல்லிப் பார்க்காதீர்கள். தங்கள் மகளிடம் முன்கூட்டியே பேசிவிட்டோம். “அம்மா அடம் புடிச்சா நானே ஏத்தி விடுறேன்” என்று வாக்குத் தந்திருக்கிறார்.

தாங்கள் நெடுங்காலம் வாழ்க! நோயின்றி, நொடியின்றி, சோர்வின்றி வாழ்க! குறிப்பாக, அந்த விசாரணை அறையில் கொடுத்த கையெழுத்தைத் திரும்பப் பெற்று, நடந்ததை நடந்தபடி உரத்துச் சொல்லும்வரை, தொண்டைக் கட்டின்றி வாழ்க!

தணியாத கோபத்துடனும் தளராத அன்புடனும்,
ஆபரேட்டர், கட்டுப்பாட்டு அறையினர், குவிமாடப் பணியாளர்கள், ஆடிக்குப் பூச்சிடும் பிரிவினர்