வேராவுக்கு நீங்கள் வைச்ச பேர்

இருங்கோ கிறிஸ்ரினா அக்கா, நகைதானே, தாறன். தேத்தண்ணியைக் குடியுங்கோ. என்ரை மகள் ஏஞ்சலாவின்ரை கலியாணத்துக்கு உங்கடை பதக்கம் சங்கிலியை இரவல் தந்தது பெரிய உபகாரம். நேற்றுக் கலியாண ஹோலிலை எல்லாற்றை கண்ணும் அதிலைதான்.

ஆர், இப்ப கொரிடோரிலை சிரிச்சுக்கொண்டு போனவவோ? அவ வேரா. பக்கத்துக் கதவு. செக் நாட்டிலையிருந்து போன வருஷம் கனடாவுக்கு அகதியா வந்தவை. ஓம், அகதியளைத் தங்கவைக்கிற கிங்ஸ்ரன் ரோட் மோட்டலிலை இருந்த ஆக்கள்தான். நாங்களும் வந்த புதிசிலை அங்கைதானே கிடந்தனாங்கள்.

ஐயோ, மெல்லமாக் கதையுங்கோ! தமிழ் விளங்காட்டியும் ஜிப்சி எண்டுறது அவவுக்கு விளங்கும். அவையின்ரை சனத்துக்குப் பேர் ரோமா, அப்பிடிச் சொல்லுங்கோ.

வெறும் சொல்லோ? கொன்வென்ற்றிலை படிக்கேக்கை மாறுவேஷப் போட்டிக்குக் காதிலை வளையம் மாட்டி, தலையிலை லேஞ்சி கட்டி, ஜிப்சி வேஷம் போட்டுப் பிரைஸ் எடுத்தனீங்கள், மறப்பனே? நீங்கள் பின்னேரம் அதைக் கழட்டிப்போட்டு வீட்டை போனீங்கள். அவவின்ரை புருஷனாலை கழட்ட ஏலுமே? அங்கை அவையின்ரை ஊர் ரெயில் ஸ்ரேசனிலை இனவெறி பிடிச்ச மொட்டைத்தலைப் பெடியள் அந்தச் சொல்லைச் சொல்லிச் சொல்லித்தான் அடிச்சவங்களாம். மனுசனுக்கு இப்பவும் ஒரு காது கேளாது. கொழும்பு பஸ்ஸிலை ஒரு சிங்களவன் பின்னாலை நிண்டு தெமளா எண்டேக்கை, தமிழர் எண்டுதானே சொல்லுறான் எண்டு சிரிச்சுக்கொண்டு இருந்தனீங்களோ? அடுத்த தரிப்பிலை இறங்கி ஓடினனீங்களல்லோ.

களவெடுப்பினமோ? பொய் சொல்லி வந்தவையோ? பிளேன் ரொயிலற்றிலை பாஸ்போட்டைக் கிழிச்சுப்போட்டு வந்து இறங்கின நாங்கள் கதைக்கிற கதையே உது? மார்க்கம் ரவுணிலை பெரிய வீடு வாங்கின உடனை எல்லாம் மறந்துபோச்சு உங்களுக்கு. போன மாசம் கிறிஸ்துநாயகம் அண்ணை வீட்டுக் கலியாணத்தண்டு, எல்லாரும் ஹோலிலை நிக்க, வீட்டை உடைச்சு நகையை அள்ளினது ஆர்? கலியாணக் காட் பாத்து நேரம் தெரிஞ்ச ஆரோதானே. காட் தமிழிலை அடிச்சது அக்கா. வேராவுக்கு வாசிக்கத் தெரியாது.

என்ன, எழும்பிட்டியள்? நகை இஞ்சை இல்லை. பாங்க் லொக்கரிலை வைப்பம் எண்டால் இண்டைக்கு ஞாயிறு, பூட்டு. காலமை பூசைக்குப் போகேக்கை வெறும் வீட்டிலை வைச்சிட்டுப் போகப் பயமாக் கிடந்தது. கள்ளனும் உங்களைப்போலைதானே நினைப்பான், உவையின்ரை வீட்டிலை ஆர் போய்த் தங்கம் தேடுறது எண்டு. வேராவின்ரை அலுமாரிக்கைதான் பத்திரமாக் கிடக்கு.

போய்க் கதவைத் தட்டி நீங்களே கேளுங்கோ. பேர் சொல்லிக் கேளுங்கோ, என்ன.