ஜன்னல்ல இருந்தவ

கம்ப்ரஸர் போயிருச்சுன்னு நீங்க கழட்டுறதுக்கு முன்னாடியே தெரியும் ஜாபர் பாய். புது ஏசியவே மாட்டிருங்க. ரொம்ப வேர்க்குதா? இந்தாங்க, துண்டு.

என்ன பாட்டா? ஓ, பாடிக்கிட்டா இருந்தேன்? நான் எழுதுனதுதான். இங்க தேராவுல ஒரு ஓட்டல் பாருல கீபோர்டு வாசிக்கிறேன். சந்தியான்னு ஒரு பொண்ணு பாடும். குத்துப்பாட்டுதான் ஓடும்னு நெனப்பீங்க. அதெல்லாம் மொத ரவுண்டுக்கு. அப்புறம் சோகப்பாட்டுதான். எல்லாரையும் யாராவது விட்டுட்டுப் போயிருக்கணும் பாய். போகாட்டியும் போன மாதிரி இருக்கணும். ஜெபல் அலி துறைமுகத்துல கிரேன் ஓட்டுற ராக்கப்பண்ணன் காதலிச்சதே இல்ல, கல்யாணமும் ஆகல. நீ நின்ன பின்னே என் மூச்சும் நின்னுச்சேன்னு சந்தியா ஆரம்பிச்சா, தட்டுல இருக்க கடலை நனையுற மாதிரி அழுவாரு. யாருக்காகண்ணே அழுவுறீங்கன்னு கேட்டேன். தெரியல தம்பி, ஆனா நல்ல பொம்பளங்கிறாரு.

பாட்டுல வர்ற பொண்ணு யாருன்னா கேக்குறீங்க? பொண்ணெல்லாம் இல்ல. உங்க முன்னாடி பிரிஞ்சு கெடக்குதே, இந்த ஏசியப் பத்தித்தான் எழுதுனேன். சிரிக்காதீங்க பாய். போன மாசம் இது நின்னப்ப வெளிய தார் ரோடே இளகிக் கெடந்துச்சு. கட்டில்ல உக்காந்து ஒரே மூச்சுல எழுதிட்டேன். ராவெல்லாம் நீ முணுமுணுத்த, திட்டுறேன்னு நெனச்சேன், அந்தச் சத்தமில்லாம தூக்கம் வரலன்னு ஒரு வரி. நெத்தியில சொட்டுச் சொட்டா விழுந்த உன் கண்ணீரு எங்கன்னு இன்னொண்ணு. தண்ணி ஒழுகும்ல, அது.

சந்தியா பாடுறப்ப எவனோ அத போன்ல எடுத்து நெட்டுல போட்டுட்டான். சுத்திச் சுத்தி எங்க ஊரு சிவகங்கை வரைக்கும் போயிருச்சு.

ம், அதே ஜன்னல்லயே வைங்க. ஆனா பழச இங்க போட்டுட்டுப் போயிராதீங்க. உதிரிக்குக் கூட ஆகாதா? பரவால்ல, எங்கயாவது கொண்டு போயிருங்க. சாயங்காலம் என் பொண்டாட்டி கனகா விசிட் விசாவுல வர்றா. ரெண்டு வருசமா பேச்சே இல்ல. ஊருல இருக்க பொம்பளைக்கெல்லாம் எழுதுறியே, எனக்குன்னு ஒரு வரி எழுதுனியான்னு கேட்டுட்டு அம்மா வீட்டுக்குப் போனவ. இந்தப் பாட்டக் கேட்டுட்டு போன் பண்ணி ஒரே அழுகை. நான் முணுமுணுக்கிறதக் கூட ஞாபகம் வச்சிருக்கியேன்னா. நானும் ஆமான்னுட்டேன்.

வந்ததும் பாடச் சொல்லுவா பாய். இது இங்க கெடந்தா என் கண்ணு இது பக்கம்தான் போகும்.