தகர டப்பாவில் இருந்த ஆணிகள் பற்றி

பெயர் அடையாள அட்டையில் கண்டபடி. கூப்பிடுவது பஞ்சர்காரர். வயது ஐம்பத்திரண்டு. பாலத்தை ஒட்டிய வளைவில் பஞ்சர் கடை வைத்து, கடைக்குப் பின்னாலேயே மனைவியுடன் குடியிருக்கிறேன். அந்த வளைவு வழியாகப் பள்ளிக்கூடம் போகும் டீச்சர் ஸ்கூட்டரிலிருந்து விழுந்தது தொடர்பாக ஸ்டேஷனில் விசாரித்ததில் நான் சொல்வதாவது:

நாலு மாதத்துக்கு முன்பு ஒரே வாரத்தில் ஒருவருக்கு மூன்று தடவை பஞ்சர் ஆனது. மூன்றாம் தடவை அவர் டயரைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்தார். வியாபாரத்துக்காக நானே ஆணி போடுகிறேன் என்று நினைக்கிறார் எனப் புரிந்தது. என்னுடன் கடையில் இருந்த மச்சான் மேல் எனக்குச் சந்தேகம் வந்து, அவன் இல்லாதபோது அவன் பையைத் துழாவினேன். சோற்றுப் பாத்திரமும் சீப்பும்தான் இருந்தன. அவன் பார்த்துவிட்டான். அதற்குப் பிறகு அவன் கடைக்கு வருவதில்லை.

அதன் பிறகு நானே வளைவில் நின்று கவனித்ததில், காலை ஆறரைக்குக் கட்டட வேலைக்குப் பலகை ஏற்றிப் போகும் லாரி குலுங்கும்போது பலகையில் இருந்த பழைய ஆணிகள் உதிர்வதைப் பார்த்தேன். டிரைவரிடம் சொன்னதற்கு, உனக்கு வியாபாரம்தானே, சும்மா இரு என்று சிரித்தார். அதன் பிறகு பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தைக் கயிற்றில் கட்டி, தினமும் லாரி போனதும் ரோட்டில் இழுத்துப் பொறுக்கினேன். குப்பையில் போட்டால் அள்ளுகிறவர் கையில் குத்தும் என்று தகர டப்பாவில் சேர்த்தேன். நீங்கள் கடையில் எடுத்த டப்பா அதுதான். பஞ்சர் கடைக்காரனே ஆணி பொறுக்குவானா, தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வதா என்று என் மனைவி தினமும் திட்டுவாள். நான் கேட்கவில்லை.

போன திங்கட்கிழமை நான் குனிந்து பொறுக்கும்போது, நடைப்பயிற்சிக்கு வந்த டீச்சரின் வீட்டுக்காரர் நின்றார். "என்ன தூவுற? இனிமே இங்க குனிஞ்சத பாத்தேன், நேரா ஸ்டேஷன்தான்" என்றார். பொறுக்குகிறேன் சார் என்று டப்பாவைக் காட்டினேன். டப்பாவைப் பார்த்ததும் அவருக்குச் சந்தேகம் இன்னும் கூடிவிட்டது. பனைமரத்தடியில் பால் குடித்த கதைதான். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. எவன் டயர் எப்படிப் போனால் எனக்கென்ன என்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் லாரி போகும் சத்தம் கேட்டது. நான் எழுந்திருக்கவில்லை. அதன் பிறகு ஏழே முக்காலுக்கு டமால் என்று சத்தம் கேட்டு ஓடினேன். டீச்சர் வளைவில் விழுந்துகிடந்தார். ஸ்கூட்டரை அவர் கால்மேலிருந்து தூக்கினேன். பழக்கதோஷத்தில் முன் டயரில் இருந்த ஆணியைப் பிடுங்கினேன். கூட்டம் வரும்போது ஆணி என் கையில் இருந்தது. டீச்சருக்கு இடுப்பெலும்பு முறிந்திருப்பதாகப் பிறகு சொன்னார்கள். அன்று மாலை அவர் வீட்டுக்காரர் என் மேல் புகார் கொடுத்தார்.

ஆணி போட்டவனுக்குத்தானே அது எங்கே கிடக்கிறது என்று தெரியும், போடாதவன் எதற்குப் பொறுக்க வேண்டும் என்று ஐயா கேட்டீர்கள். கண்ணில் பட்டது, பொறுக்கினேன். கடைக்குச் சீல் வைத்தால் எங்களுக்கு வேறு பிழைப்பும் இல்லை, வேறு வீடும் இல்லை. ஆணியை நான் போடவில்லை. அன்று பொறுக்காமல் விட்டது நான்தான்.

செவ்வாய்க்கிழமை ஏன் பொறுக்கப் போகவில்லை என்று டீச்சரின் வீட்டுக்காரர் உங்கள் எதிரில் கேட்டபோது காய்ச்சல் என்று சொன்னேன். அது பொய். காரணம் மேலே சொன்ன திங்கட்கிழமை ஆத்திரம்தான். அவர் ஆஸ்பத்திரிக்கும் ஸ்டேஷனுக்கும் அலைந்து இப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். திங்கட்கிழமை நடந்ததை மட்டும் அவரிடம் படித்துக்காட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். டீச்சர் எழுந்து நடக்கும்வரையாவது அவரைப் பொறுத்தமட்டில் எனக்குக் காய்ச்சலாகவே இருக்கட்டும்.

எழுதியதைப் படித்துக்காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது. எல்லாம் உண்மை.

(கையொப்பம்)