நன்றியுடன், சபையார்

இல்ல சார், அதைத் திரும்பப் பையிலயே வச்சிருங்க. கடிகாரத்துல ஒரு குத்தமும் இல்ல. பைபிள் வசனம்கூட நல்ல எழுத்துல போட்டிருக்காங்க. எனக்கு வேணாம், அவ்வளவுதான். கோவம்லாம் இல்ல. அட, கோவம்தான்னே வச்சிக்கோங்களேன். முதல்ல உக்காருங்க. அந்த ஸ்டூல் வேணாம், ஒரு கால் ஆடும். இப்படி வெளிச்சத்துப் பக்கம் வாங்க. அந்த ஸ்பீக்கர் பெட்டி மேலயே உக்காருங்க, ஒண்ணும் ஆகாது. கல்யாண வீட்டுல அது மேல ஏறி நின்னு ஆடியிருக்கானுங்க.

டீ சொல்லவா? சரி, விடுங்க.

கமிட்டியில எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவா? ஒருத்தர்கூட வேற மாதிரி சொல்லலையா? ம். சபைக்குப் புது மைக்செட் வாங்கினதைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல சார். வாங்க வேண்டியதுதான். என் ஆம்ப்ளிஃபயருக்கு என் பெரிய பொண்ணைவிட வயசு ஜாஸ்தி. பொருளாளர் பையன் இதுக்குன்னே படிச்சிருக்கான், கம்ப்யூட்டரை மடியில வச்சிக்கிட்டே எல்லாத்தையும் பாத்துக்குவான். பாத்துக்கட்டும். போன மாசம் பிரசங்கத்துக்கு நடுவுல செட்டு கத்துனப்ப போதகர் முகம் போன போக்கை நானும்தான் பாத்தேன். குழந்தைங்கள்லாம் காதைப் பொத்திக்கிச்சுங்க. யாரா இருந்தாலும் மாத்தத்தான் செய்வாங்க.

என் சண்டை அது இல்ல. கடிகாரத்துல கீழ என்ன போட்டிருக்கீங்க, நீங்களே படிங்க. நன்றியுடன், சபையார். சரி. குடுக்குறது சபையார். அப்ப வாங்கிக்கிற நான் யாரு சார்?

சமாளிக்காதீங்க. நல்ல எண்ணத்துலதான் செஞ்சீங்க, அது எனக்குத் தெரியும். அதுதானே தொந்தரவே. கெட்ட எண்ணத்துல செஞ்சிருந்தா நாலு வார்த்தை கேட்டு அனுப்பிட்டு என் வேலையைப் பாத்திருப்பேன். யாருக்கு நீங்க கடிகாரம் குடுப்பீங்க? வெளியூர்லேர்ந்து பேச வந்தவருக்கு. வேலை மாத்தல்ல போறவங்களுக்கு. போன போதகர் கிளம்பினப்ப அவருக்கும் ஒண்ணு குடுத்தீங்க, பக்கத்துல மைக்கைப் பிடிச்சிக்கிட்டு நின்னவன் நான். இப்ப நான் எங்க சார் கிளம்புறேன்? எங்கயும் கிளம்பலையே.

நீங்க செக்ரட்டரியாகி இன்னும் வருஷம் திரும்பல, அதனால சொல்றேன். மொதல்ல நான் சபைக்கு வேலைக்குத்தான் வந்தேன். அதுல மறைக்க என்ன இருக்கு. ஞாயித்துக்கிழமை காலையில வந்து வயரை இழுத்து, செக் செக்குன்னு சொல்லிட்டு, வெளிய படிக்கட்டுல போயி உக்காந்து சிகரெட் பிடிப்பேன். முடிஞ்சதும் சுருட்டிக்கிட்டுப் போயிருவேன். உள்ள யாரு பேசுறாங்க, யாரு அழுவுறாங்க, எனக்கென்ன? கல்யாண வீடு, கட்சிக் கூட்டம், அது மாதிரி இதுவும் ஒண்ணு. யார் பேசினாலும் பிசிறில்லாம கேக்கணும். அதுக்கு மேல எனக்கு ஒரு சாமியும் கிடையாது.

அப்புறம்தான் விழுந்தேன். ஐயோ, நீங்க நினைக்கிற மாதிரி இல்ல, நெசமாவே விழுந்தேன். உங்க வெளிச்சுவர்ல குழாய் ஸ்பீக்கர் கட்டப் போயி, ஏணியோட. தொடை எலும்பு ரெண்டாப் போச்சு. எங்க வீடு மாடியில, கக்கூஸ் கீழ. நினைச்சுப் பாருங்க. என் சம்சாரம் என்னைத் தூக்க முடியுமா? பின் பெஞ்சில உக்காந்து ஆமென்னு அலறுவாரே கறிக்கடைக்காரர், அவர்தான் வந்தார். தினம் கடை திறக்கறதுக்கு முன்னாடி வந்து என்னை முதுகுல போட்டுக்கிட்டு இறங்குவார். நான் உள்ள இருக்குற வரைக்கும் கதவுக்கு வெளிய நின்னு பாட்டு வேற. சுதியே கிடையாது. யோவ், நிறுத்துய்யா, எனக்கு வர்றதும் வர மாட்டேங்குதுன்னு உள்ளேர்ந்து கத்துவேன். இன்னும் சத்தமாப் பாடுவார்.

உதவி செஞ்சாங்க, அதனால ஒட்டிக்கிட்டேன்னு சொல்ல வரல சார். உதவி யாரும் செய்வாங்க. நான் சொல்றது அதுக்கப்புறம். கால் தேறித் திரும்ப வந்தேன்ல, அந்த ஞாயிறே பாட்டு டீச்சரம்மா என்னைப் பிடிச்சுக்கிட்டாங்க. எங்க குரலை எல்லாம் தகர டப்பாவுல போட்டுக் குலுக்குறீங்களே, உங்களுக்கெல்லாம் மனசாட்சியே இல்லையான்னு, எல்லார் முன்னாடியும். வெளியாளை அப்படித் திட்டுவாங்களா? விருந்தாளியா இருந்தா பல்லைக் கடிச்சுக்கிட்டு, பரவாயில்லைங்கன்னு சிரிச்சிருப்பாங்க. வீட்டுக்குப் போயி, இன்னைக்கு சபையில எனக்கு செம திட்டுன்னு சிரிச்சிக்கிட்டே சொல்றேன். என் சம்சாரம் ஒரு பார்வை பாத்தா. நான் திட்டுனா மட்டும் மூஞ்சியைத் தூக்கி வச்சிக்குவீங்க, போயி அங்கயே பாயைப் போட்டுக்கோங்கங்கிறா.

அன்னையிலேர்ந்து படிக்கட்டுல போயி உக்காரல. வாடகை வாங்குறதையும் விட்டுட்டேன். உங்களுக்கு முன்னாடி இருந்தவருக்குத் தெரியும், உங்ககிட்ட சொல்லாமப் போயிருப்பார். பின்னாடி தூணை ஒட்டி என் மேசை, அதுகிட்டயே நின்னேன். காலர் மைக்கை அணைக்க மறந்துட்டு உங்க பழைய போதகரும் அவர் வீட்டம்மாவும் பின்னறையில என்ன சண்டை போட்டாங்கன்னு சபைக்குத் தெரியுமா? தெரியாது. ஏன்? மொத வார்த்தையிலயே நான் என் மேசையில சத்தத்தைக் குறைச்சுட்டேன். என்ன சண்டையா? அதை உங்ககிட்டயும் சொல்ல மாட்டேன். குடும்ப விஷயம்.

ஆனா பாருங்க, சபையில எல்லாரும் பிரதர், சிஸ்டர். பொருளாளரும் மூப்பரும் காம்பவுண்டு சுவர் தகராறுல வருஷக்கணக்கா முகம் குடுத்துப் பேசறதில்ல. அவங்களுக்குள்ளயும் பிரதர்தான். என்னை மட்டும் மைக்செட்காரர்னுவீங்க. கால் ஒடஞ்சு கிடந்தப்ப ஜெபத்துலகூட அதே பேருதான். ஆண்டவரே, இந்த மைக்செட்காரருடைய காலைத் தொட்டருளும். சிரிங்க, பரவாயில்ல. கட்டிலில கிடந்துக்கிட்டு நானும் சிரிச்சேன்.

சிரிக்க முடியாதது ஒண்ணு இருக்கு. திருவிருந்துல அப்பம் குடுக்குறப்ப மூப்பர் கையில தட்டு பெஞ்சு பெஞ்சா வரும். கடைசிப் பெஞ்சு வரைக்கும் வரும். அதுக்கும் பின்னாடி நான். மூப்பர் அங்கயே திரும்பிருவார். ஞானஸ்நானம் எடுக்காதவனுக்குக் கிடையாது, உங்க முறை அது, நான் குத்தம் சொல்லல. ஒரு தடவை என்னாச்சுன்னா, ஏதோ ஞாபகத்துல ஒரு எட்டு கூட வச்சு, தட்டோட என் முன்னாடி வந்து நின்னுட்டார். அவர் என்னைப் பாக்குறார். நான் அவரைப் பாக்குறேன். தட்டுல துண்டு மீதி இருக்கு. அப்புறம் மேசையில சத்தம் ஏத்தி இறக்குற மிக்சர் பெட்டியைப் பாத்து, எல்லாம் சரியா வேலை செய்யுதான்னு கேட்டார். செய்யுதுன்னேன். போயிட்டார். பாவம், மனுஷன் ரெண்டு வாரம் என் பக்கமே பாக்கல.

நீங்களே ஏன் கேக்கலைன்னு கேக்குறீங்க. நியாயமான கேள்வி. மொதல்ல வெக்கம். அப்புறம் பயம். இல்லைன்னு சொல்லிட்டா அந்த மேசைகிட்டகூட நிக்க முடியாதே. கையில வயரைப் பிடிச்சிக்கிட்டு நின்னா, நீ இங்க ஏன் நிக்குறேன்னு யாரும் கேக்க மாட்டாங்க. இப்பதான் வயரையும் வாங்கிட்டீங்களே. இனி எனக்கு என்ன பயம்?

என்ன? கொஞ்சம் நிமிர்ந்து சொல்லுங்க. தாராளமா எப்ப வேணா வந்து பிரசங்கம் கேளுங்கவா? அதென்ன சார் தாராளமா? உங்க கூடப்பொறந்த தம்பி வீட்டுக்கு வந்தா, தாராளமா வாடான்னா சொல்லுவீங்க? லேட்டா வந்தா எங்கடா ஊர் சுத்திட்டு வர்றேன்னு கேப்பீங்க. எனக்கும் அதுதான் வேணும். ஒரு வாரம் நான் வரலைன்னா, எங்கய்யா போய்த் தொலைஞ்சேன்னு என் கடை வாசல்ல வந்து நிக்கணும் நீங்க. கமிட்டியில அதை முடிவெடுத்துட்டு வாங்க, நானே டீ வாங்கித் தர்றேன்.

ஒரு வேலை செய்ங்க. போதகர்கிட்ட போயி, இவன் ஞானஸ்நானம் கேக்குறான்னு சொல்லுங்க. கெஞ்சுறான்னு சொல்லாதீங்க. கேக்குறான்னு சொல்லுங்க. வகுப்புக்கு வரணும்னா வர்றேன். சின்னப் பசங்களோட உக்காரணுமா? உக்காருறேன். மனப்பாடம் பண்ணணும்னா பண்றேன். ஒரே ஒரு ஏற்பாடு மட்டும் செய்யச் சொல்லுங்க. தண்ணித் தொட்டியில இறக்கிட்டுப் பக்கத்துல நின்னு சபையைப் பாத்துக் கேப்பாரே, விசுவாசிக்கிறாயான்னு, அதை என் முன்னாடி வந்து நின்னு, என் முகத்தைப் பாத்து, மெதுவாக் கேக்கச் சொல்லுங்க. எனக்குக் காது கேக்காது.

ஆமா சார். ரெண்டு காதும்தான். இவ்வளவு கிட்டத்துல, இந்த வெளிச்சத்துல, உதட்டைப் பாத்து ஓட்டிருவேன், இப்ப உங்ககிட்ட ஓட்டுற மாதிரி. டாக்டர்கிட்டயும் காட்டியாச்சு, இனி திரும்பாதுன்னுட்டார். போன வருஷ மழை முடிஞ்சதுலேர்ந்து உங்க பாட்டுல ஒரு வரி, பிரசங்கத்துல ஒரு வார்த்தை என் காதுல விழுந்ததில்ல. மிக்சர்ல எரியுற விளக்கைப் பாத்துத்தான் ஏத்தி இறக்கிக்கிட்டிருந்தேன். ஆனா ஒரு ஞாயிறு விடல.

அப்புறம் எதுக்கு வந்தீங்கன்னா? என்ன சார், இவ்வளவு நேரம் நான் என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்? பிரசங்கம் கேக்க வர்றவன் காது போன அன்னைக்கே வீட்டோட நின்னிருப்பான்.

எந்திரிச்சுட்டீங்க. சரி, போயிட்டு வாங்க. வரலாமா கூடாதான்னு நான் உங்ககிட்ட கேக்கல, ஞாயித்துக்கிழமை வர்றேன். எந்தப் பெஞ்சுன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க.